மாரிக்கு முந்தின தண்ணி

கைய எடுங்க தம்பி. கண்ணாடில வெக்காதீங்க, தண்ணிக்குள்ள விரல் விடவே வாணா. உங்கட கைல என்னமோ மணக்குது. அத்தரோ சவுக்காரமோ, என்னவெண்டாலும் சரி, இதுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாக் காணும், பொழுதுபட முந்தி எல்லாம் செத்து மிதக்கும். ஓம், மீன்தான். கல்லும்தான். அந்தக் கல்லுக்கும் உசிர் இரிக்கு. சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும்.

இரிங்க. அந்தக் கதிரைல இரிங்க. ஷரிபுதீன்தானே உங்கட பேர்? ஹாஜறாட தம்பி. தெரியும். என்ட புரிசன் உங்கட ராத்தாவ ரெண்டாந்தாரமா முடிச்சி இந்தா மூண்டு வருஷம் ஆகுது, உங்கட ஊட்டாள் ஒருத்தர் இந்த வாசல்ல கால் வெக்கிறது இதுதான் முதல் தரம். அதுவும் பொத்துவில்ல இருந்து கல்முனைக்கு வான் புடிச்சி. இந்த மீன் தொட்டிக்குத்தானே?

இல்லயெண்டு தலைய ஆட்டாதீங்க. எனக்கென்ன கண் இல்லயா? முதல்ல அவர்ர காக்கா வந்தார். தொட்டி தம்பிட பொருள், குடு புள்ள எண்டார். மறுகா பள்ளி மரைக்காயர் வந்தார். காலிதீன் ஆசப்பட்டு உண்டாக்கின சாமான், அவர்ர கைக்குப் போறதுதான் நியாயம் எண்டார். அவர் ஆசப்பட்ட எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே போனார், அதுல நானும் ஒண்டு, என்னையும் சேத்தா வண்டில ஏத்துவீங்க எண்டு கேட்டன். அந்தாள் தொப்பியத் தட்டிப் போட்டுக்கிட்டு எழும்பிப் போயிட்டார். இப்ப நீங்க.

பொறுங்க, பொறுங்க. நீங்க ஒண்டும் சொல்ல வாணா. நான் கதைச்சி முடிக்கட்டும். மூண்டு வருஷமா உங்கட பக்கத்து ஆள் ஒருத்தரும் எனக்குக் கிடைக்கல்ல ஏசுறதுக்கு. இண்டைக்குக் கிடைச்சிரிக்கீங்க, இரிந்து கேளுங்க. தேத்தண்ணி போடட்டா? வாணாவா? சரி, கிடக்கட்டும்.

சூறாவளி அடிச்சதுக்கு அடுத்த வருஷம் இவர் ஜித்தாவுக்குப் போனார், ஒரு அரபிட ஊட்டுக்கு ட்றைவரா. ரெண்டு வருஷம். கிறுகி வந்த அண்டைக்கு ஊர்ச் சனம் எல்லாம் இந்த ஹோலுக்குள்ள. அடுத்த வளவு கச்சிமுகம்மது வரக்குள்ள பொஞ்சாதிக்கு அலுமாரி நிறையச் சாறி, பெரிய கேசட் றேடியோ. இவர் பெட்டியத் துறக்கார், உள்ளுக்கு ஒரு சின்னப் பம்பு, றபர் குழாய் சுருள் சுருளா, கண்ணாடி ஒட்டுற பசை. இது என்ன சாமான் எண்டு கேட்டன். மீனுக்கு மூச்சுக் குடுக்கிற மிஷினாம். அந்த அரபிட ஊட்டுல ஒரு சுவர் முழுக்கக் கடலாம், கல்லும் பூவும் மீனுமா உசிரோட நிக்குதாம். சனம் சிரிச்ச சிரிப்பு இப்பயும் என்ட காதுக்குள்ள கேக்குது. எனக்கு ஒரே ஒரு சாறி. ஊதா நிறம். மறுகா அந்தச் சாறியாலதான் ஹோலத் துடைச்ச, சொல்றன் கேளுங்க.

இது என்ட சீதன ஊடு தம்பி. எங்கட வாப்பா வயல் வித்துக் கட்டித் தந்தது. நான் ஒரு நாள் றால் வாங்கச் சந்தைக்குப் போயிட்டு வாறன், இந்தக் கிழக்குச் சுவர்ல ஒரு ஓட்டை. மேசன் நிக்கார், இவர் நிக்கார். என்னங்க இது எண்டா, கல்லுக்குக் காலை வெயில் வேணும், யன்னல் வெக்கப் போறன் எண்டார். பொஞ்சாதிட ஊட்டுச் சுவர உடைக்கிறதுக்குப் பொஞ்சாதிட்ட ஒரு வார்த்த கேக்கிறல்லயா? நீங்களும் முடிச்ச ஆள்தானே, சொல்லுங்களன்.

முதல் தொட்டி நோம்புப் பெருநாளுக்கு முதல் நாள் வெடிச்சிது. பசை காயமுன்னமே தண்ணிய நிரப்பினா? நான் குசினிக்குள்ள வட்டிலாப்பம் அவிக்கிறன், டம் எண்டு ஒரு சத்தம். வந்து பாத்தா முழங்கால் மட்டும் கடல் எண்டு சொல்லமாட்டன், ஆனா செருப்பு மிதக்குது. இவர் ரெண்டு கையாலயும் மீனப் பொத்திப் பொத்தி வாளிக்குள்ள போடுறார். பக்கத்து ஊட்டுப் பூனைக்கு அண்டைக்கே பெருநாள். நான் பெட்டில கைக்குக் கிடைச்சத எடுத்துத் துடைக்கிறன், பாத்தா ஊதாச் சாறி.

உப்பு என்ன செய்யுமெண்டு உங்களுக்குத் தெரியும், கடற்கரை ஆக்கள்தானே. அந்தச் சுவரப் பாருங்க, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்கா விழுகுது. தையல் மிஷின் இறுகிப் போச்சி. அலுமாரிப் பூட்டு திறக்கவே ஏலா. வாறவன் போறவன் எல்லாம் இதுக்கு முன்னால நிண்டு கேக்கிற கேள்வி ஒண்டுதான், இத எப்ப ஆக்குவீங்க? ஒரு நாள் பொறுக்க ஏலாம ஓம், பொரிச்சி வெக்கிறன், சோத்தோட வாங்க எண்டுட்டன்.

கல்லுக் கதை இன்னும் கேவலம். முதல்ல சுண்ணாம்புச் சூளைக்குப் போய் ஒரு சாக்கு முருகைக்கல், கடலுக்கடில வளருற பவளக் கல்லு, கொண்டு வந்தார். செத்து வெளுத்த கல். அதப் போட்டாப் போல கடலாகுமா? தண்ணி பால் மாதிரிப் போச்சி, மீன் எல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மேல வந்திது. மறுகா பாசிக்குடாவுக்குப் போய் உசிருள்ள கல் எடுத்து, ஈரச் சாக்குல சுத்தி, பஸ்ஸுக்கு மேல ஏத்திக்கிட்டு வந்தார். கொண்டக்டர் இது என்ன நாத்தம் எண்டு கேக்க, கருவாடு எண்டாராம். கருவாட்டுக்குப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தண்ணி தெளிக்கிறாய், நீ என்ன விசரனா எண்டு கேட்டானாம் அவன். சரியான கேள்வி. நான் கேட்டிரிக்க வேண்டிய கேள்வி.

சாகிற மீன் எல்லாம் எனக்கு, உசிரோட நிக்கிறதெல்லாம் அவருக்கு. அப்பிடித்தான் பங்கு. செத்தத அள்ளிக் கொண்டு போய் வாழையடில குழி தோண்டித் தாக்கிறது நான். ஊருக்குக் காட்டிப் பெருமை கதைக்கிறது அவர். தண்ணி நாளுக்கு நாள் வத்தும்தானே. குறையக் குறைய இவர் கடல் தண்ணியக் கொண்டு வந்து ஊத்துவார். கிணத்துத் தண்ணி ஊத்தினாக் காணாதா எண்டா, கடல் மீனுக்கு அதயா ஊத்துற எண்டு என்னத்தான் ஏசுவார். ஒரு நாள் ஒள்ளுப்பம் நாக்குல வெச்சிப் பாத்தன், யா அல்லாஹ், கருவாட்டுத் தண்ணி. ஆக்கித் திங்கிறவளுக்குத் தெரியாதா, தண்ணி வத்தும், உப்பு வத்துமா? வத்திக் குறையிறதுக்குக் கிணத்துத் தண்ணிதான் ஊத்தணும், மாத்துறதுக்குத்தான் கடல் தண்ணி. சொன்னன். ஒரு கிழமைல மீன் திங்கத் தொடங்கிட்டு. அடுத்த நாள் வந்த ஆக்களுக்கு, இது நான் கண்டுபுடிச்ச விசயம் எண்டு சொல்றார். நான் அவடத்தயே நிக்கிறன், தேத்தண்ணித் தட்டோட.

இன்னொண்டு சொல்றன். சிரிக்கக் கூடாது. எங்கட வாப்பா மவுத்தாகி நாப்பதாம் நாள் கத்தம் ஓதினம் இந்த ஹோலுக்குள்ள. லெப்பை வந்து இருந்தார், சனம் நிறைஞ்சிட்டு, சட்டில சாம்பிராணி போட்டு அந்த மூலைல வெச்சிரிக்கு. பம்புக்குப் பக்கத்துல. அந்தப் பம்பு என்ன செய்யும்? ஊட்டுக்குள்ள இரிக்கிற காத்தக் குடிச்சித்தானே தண்ணிக்குள்ள விடும். புகைய அப்பிடியே குடிச்சி ஊதுது. ஓதல் நடக்கக்குள்ள மீன் எல்லாம் சுழண்டு சுழண்டு குத்துக்கரணம் அடிக்குது. ஒரு கிழவனார் பாத்துட்டு, சுப்ஹானல்லாஹ், மீனும் ஓதலுக்கு ஆடுது எண்டு கண்ணீர் விடுறார். எல்லாரும் கிறுகிப் பாத்து, மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் எண்டு. துஆ முடியமுன்னம் பாதிக்கு மேல செத்திட்டு. அண்டைல இருந்து இந்த ஊட்டுக்குள்ள சாம்பிராணி இல்ல. வெள்ளிக்கிழமை ராவும் இல்ல. அதுக்கும் எனக்குத்தான் ஊர்ல பேர், மார்க்கம் இல்லாத பொம்புள எண்டு.

என்ன பாக்கிறீங்க? அந்தச் சோடியா? செம்மஞ்சள்ல வெள்ளப் பட்டி போட்டது. பக்கத்து ஊட்டுப் புள்ளைகள் மாப்புள, பொண்ணு எண்டு பேர் வெச்சிரிக்குதுகள். அந்தப் பூவுக்குள்ளதான் குடியிருப்பு. அது பூ இல்ல, அதுவும் ஒரு சீவன்தான், மத்த மீன் பட்டாக் கொத்தும், இதுகள ஒண்டும் செய்யாது. பூவுக்குப் பக்கத்துக் கல்லுல பாருங்க, குனிஞ்சி பாருங்க, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு. அரிசி மாதிரி ஒட்டிக்கிட்டு இரிக்குதே, முட்டை. யாரு காவல் நிக்கிறது எண்டு நினைக்கீங்க? பொண்ணு இல்ல, மாப்புளதான். விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்த இடத்த விட்டு அசையமாட்டான். செட்டையால விசிறி விசிறி விடுவான், கெட்டுப் போனத வாயால எடுத்து எறிவான். என்ட கை உள்ளுக்குப் போனா என்னையும் கடிப்பான், சோறு போடுற கை எண்டும் பாக்கமாட்டான். பொரிக்கும், ஆனா குஞ்சு ரெண்டு நாள் நிக்காது. மறுகா அடுத்த தரத்துக்கு அந்தக் கல்லயே துப்புரவாக்கத் தொடங்குவான். எனக்கு அதப் பாத்தா ஆத்திரம் வரும். ஒரு மீனுக்கு இரிக்கிற சபூர், அந்தப் பொறுமை...

சரி விடுங்க. எனக்குப் புள்ள இல்ல. அதச் சொல்லித்தானே உங்கட ஊட்டுல பொண்ணு கேட்டிரிப்பார்.

விடிய யன்னலால வெயில் விழுந்தா, ஒரு காமணித்தியாலம், அவ்வளவுதான், கல்லுல இரிக்கிற வாய் எல்லாம் துறக்கும். பச்சை, மண்ணிறம், ஊதா. ஓம், ஊதாவும். அந்த நேரம் நான் ஒருத்தரோடயும் கதைக்கமாட்டன். சுபஹ் தொழுதிட்டு அந்த வாங்குல வந்து குந்தினெண்டா, தேத்தண்ணி ஆறிப் போறதும் தெரியா. அதுக்குக் கூலியா என்ட சுவரும் மிஷினும் போகட்டும் எண்டு சில நாள் நினைச்சிரிக்கன். எல்லா நாளும் இல்ல.

அந்தப் பூவுக்குத்தான் அவர் பொத்துவிலுக்கு வந்தார். அங்க கல்லுக்குள்ள நல்லது இரிக்குதாம். முதல் தரம் ரெண்டு நாள். மறு தரம் ஒரு கிழமை. பூ வந்திது. அடுத்த மாசம் கதை வந்திது, காலிதீன் பொத்துவில்ல கலியாணம் முடிச்சிட்டார் எண்டு. எனக்கு யார் சொன்ன தெரியுமா? மீன்காரி. றால் நிறுத்துக்கிட்டே சொல்றாள். நான் காசக் குடுத்திட்டு வந்து றால உரிச்சி, இதுகளுக்கு நறுக்கிப் போட்டுட்டுத்தான் அழுதன்.

அழுது முடிஞ்சி பிளக்கக் கழட்டினன். ஓம், கழட்டினன். உங்கட மச்சான்ட கடல் சாகட்டும் எண்டு. தண்ணி சத்தம் நிண்டு போச்சி. இந்த ஊட்டுல அந்தச் சத்தம் இல்லாம எப்பிடி இரிக்குமெண்டு எனக்கு மறந்தே போயிருந்திச்சி. கொஞ்சத்துல அந்த மாப்புள மேல வந்து வாயத் துறந்து துறந்து மூடுது. இது என்ன செஞ்சிது எனக்கு? மறுகா சொருகிட்டன். அவ்வளவுதான் கதை.

காதியார் கேட்டார், ஏன் புள்ள கிடந்து சீரழியிறாய், பஸஹ் கேள், பிரிச்சி விடுறன் எண்டு. வாணா எண்டன். ஆசைலயா? ச்சீ. அவர் தலாக் சொல்லவுமில்ல, செலவுக்குத் தரவுமில்ல, ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் முகம் காட்டவுமில்ல. ஆனா கல்முனைல பொஞ்சாதி ஒருத்தி இரிக்காள் எண்டு நெஞ்சுக்குள்ள முள்ளாக் குத்திக்கிட்டே இரிக்கட்டும் எண்டு இருந்தன். ஆத்திரம் தம்பி. வேற ஒண்டுமில்ல.

தண்ணிக்கு என்ன செஞ்ச எண்டா, சுவாம்பிள்ளை அண்ணன் இருந்தார். கடலுக்குப் போய்வரக்குள்ள ஆழத்துல இருந்து தெளிஞ்ச கடல் தண்ணி நிறைச்சிக்கிட்டு வருவார். பொஞ்சாதி இமக்குலேற் தலைல வெச்சிக் கொண்டு வந்து தருவா. போன வருஷம் தமிழாக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் நடந்த கலவரத்தோட அதுவும் முடிஞ்சிது. அவங்க இந்தப் பக்கம் வாறல்ல, நாங்க அந்தப் பக்கம் போறல்ல. அதுக்குப் புறகு நான்தான். விடியமுன்னம் வெள்ளாப்புல முக்காட்டப் போட்டுக்கிட்டு, கேனத் தூக்கிக்கிட்டு, அலை உடையிற இடத்துக்கு அங்கால இடுப்பளவு இறங்கி. கரைவலைக்காரன் எல்லாம் பாத்தான், கதைச்சான், மறுகா கதைச்சி அலுத்துப் போனான். காலிதீன்ட தொட்டி எண்டு கேக்க வந்தீங்களே, அவர் விட்டுட்டுப் போனதுல இப்ப இதுக்குள்ள இரிக்கிறது அந்தச் சோடியும் அந்தப் பூவும் நாலு கல்லும்தான். மிச்சம் எல்லாம் என்ட தோள்ல வந்த தண்ணில வளந்தது.

பாருங்க, வானம் கறுத்துக்கிட்டு வருது. இன்னும் ஒரு கிழமைல மாரி இறங்கிடும். இறங்கினா ஆத்துவாய் வெட்டுவாங்க, வயல் தண்ணி எல்லாம் கடலுக்கு வரும். கரை முழுக்கச் சேத்து நிறம், நாக்குல வெச்சா உப்பே இரிக்காது. அதக் கொண்டு வந்து ஊத்தினா முதல்ல பூ சுருங்கும், மறுகா கல். மாரி முடியிற மட்டும் தேவையான தண்ணிய இப்பயே எடுத்துப் பின்னுக்கு இரிக்கிற சீமெந்துத் தொட்டிய நிரப்பி வெக்கணும். பாதிதான் நிரம்பியிரிக்கு. பக்கத்து ஊட்டுச் சபியாட புரிசனிட்ட சொல்லலாம்தான். நல்ல மனிசன். ஆனா ஆத்துவாய்க்குப் பக்கத்துல அள்ளிக்கிட்டு வந்து, ராத்தா, தண்ணி எல்லாம் ஒண்டுதானே எண்டு பல்லக் காட்டுவார்.

வாணா. வாயத் துறக்காதீங்க தம்பி.

சொல்லாதீங்க எண்டன்.

இந்தக் கலவரக் காலத்துல, ஆக்கள் போகப் பயப்படுற திருக்கோவில் றோட்டால, விடிஞ்சும் விடியாததுமா, ஒரு மீன் தொட்டிக்கு ஆராவது வான் புடிச்சி வருவாங்களா? வான் வேலியடில நிக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு. உங்கட கைல மணக்கிறது அத்தர் இல்ல. கற்பூரம். குளிப்பாட்டுற தண்ணிக்குள்ள நொறுக்கிப் போட்டுட்டு நேர வந்திரிக்கீங்க, கையும் கழுவல்ல. எங்கட வாப்பாட மையத்தக் குளிப்பாட்டின அண்டைக்கு என்ட தம்பிட கையும் இப்பிடித்தான் மணந்திது.

அழாதீங்க. இங்க அழ வாணா. சபியா வேலிக்கு மேலால எட்டிப் பாக்காள்.

அடக்கம் பின்னேரம் அசருக்கா? தலைய மட்டும் ஆட்டுங்க. வாயால சொல்லாதீங்க. அசருக்கு. சரி. அப்ப நேரம் இரிக்கு.

கேளுங்க தம்பி. நீங்க இன்னும் ஒண்டும் சொல்லல்ல, நான் ஒண்டும் கேக்கல்ல. நீங்க சொன்ன நிமிசம் என்ன நடக்கும்? ஊட்டுக்குள்ள சனம் நிறையும். வெள்ளையக் கொண்டு வந்து என்னச் சுத்துவாங்க. பொத்துவிலுக்கு ஏத்திக்கிட்டுப் போய் முகத்தக் காட்டிட்டு, மூடின வானுக்குள்ள திருப்பிக் கொண்டு வந்து உள்ளறைல இருத்துவாங்க. நாலு மாசம் பத்து நாள் இத்தா. வாசல் தாண்ட ஏலா. ரெண்டு வருஷமா நான் இரிக்கனா செத்தனா எண்டு பாக்காத மனிசனுக்கு. அண்டைக்குக் காதியார் சொன்ன மாதிரிப் பிரிஞ்சிருந்தா இண்டைக்கு எனக்கென்ன? என்ட ஆத்திரமே என்ன வெச்சிப் பூட்டுது. இரிக்கத்தான் போறன், மாட்டனெண்டு சொல்லல்ல. அது அல்லாஹ்ட சட்டம், அவர்ர இல்ல. ஆனா நாலு மாசம் பத்து நாள் எண்டா இந்த மாரி முழுக்க. விளங்குதா?

எழும்புங்க. பின்னுக்கு நாலு கேன் இரிக்கு, எல்லாத்தையும் வான்ல ஏத்துங்க. ரெண்டு மூண்டு நடை போய் வரலாம். நான் இறங்கி அள்ளுறன், நீங்க கரைல நிண்டு வாங்குங்க. முதல்ல கைய மண்ணுல தேச்சிக் கழுவுங்க, சவுக்காரம் வாணா. சனம் சாம்பிராணிச் சட்டியத் தூக்கிக்கிட்டு வரும், அதுக்கு முந்தி இந்தப் பம்பக் குசினி யன்னலடிக்கு மாத்தணும், குழாய் எட்டும்.

தொட்டி நிரம்பின புறகு, நான் கால் கழுவி உள்ளுக்கு வந்து இந்த வாங்குல குந்தின புறகு, சொல்லுங்க. அப்ப கேக்கிறன். அப்ப அழுறதெண்டாலும் அழுறன்.

அதுமட்டும் என்ட புரிசன் பொத்துவில்ல நல்லா இரிக்கார். கேனத் தூக்குங்க.